கறுப்பு ஆயில் எங்கே போகுது, அண்ணே?

பாண்டிச்சேரி என்றதும் உங்களுக்கு ஒரு திரவம் ஞாபகத்துக்கு வரும். எனக்குத் தெரியும். 'பாகூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு வருகிறேன்' என்று ஆபீஸில் சொன்னதுமே பக்கத்து சீட்டு நண்பர் கண்ணைச் சிமிட்டினார். ஸாரி சார், இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை. (நடுவில் ஓரிடத்தில் அதுவும் வருகிறது. அதற்காக இந்தப் பாராவிலிருந்து ஒரே தாவாகத் தாவிவிடாதீர்கள்!) இது உங்கள் பைக்கின் வயிற்றிலிருந்து சில மாதங்களுக்கு ஒரு தரம் மெக்கானிக் இறக்குகிறாரே, அந்தக் கறுப்புத் திரவத்தைப் பற்றியது.

செலியமேடு, பாகூர் கொம்யூனில் இருக்கிறது. பாகூர் வட்டாரத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து பாகூர் ஏரியில் சேர்க்கும். ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியில் பெரிய ஏரி அதுதான். நெல், கரும்பு, வாழை என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். என் பழைய ஸ்ப்ளெண்டருக்கு அது பொறுக்கவில்லை. 'கரகர'வென்று ஒரு சத்தம்.

செலியமேட்டுப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடை. தென்னங்கீற்றுக் கொட்டகை, வாசலில் பிரித்துப் போட்ட மூன்று வண்டி, டயர் மாலை, டிரான்சிஸ்டரில் இளையராஜா. கடையின் பெயர் வேண்டாம், மனுஷன் நல்லவர். வண்டியை ஒரு தரம் முறுக்கிப் பார்த்தார்.

"ஆயில் மாத்தி எவ்ளோ நாள் ஆச்சு சார்?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"வருசம்தான் ஆச்சுன்னு சொல்லுங்களேன். வெக்கப்படாதீங்க. எல்லாருமே அப்படித்தான்."

இருபது வயசு இருக்கும் ஒரு பையன். ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் குந்தி, டிரெயின் போல்ட்டைத் திருகினான். வெட்டிய பிளாஸ்டிக் கேனில் ஆயில் 'கொளக்' என்று இறங்கியது. நல்ல திருநெல்வேலி இருட்டு. அவன் கையில் முழங்கை வரைக்கும் அதே இருட்டு. பனியன் வேஸ்ட்டால் துடைத்தான், அந்தத் துணியைச் சுருட்டி பேன்ட் பாக்கெட்டில் சொருகிக்கொண்டான். கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான்.

எனக்குப் பொழுது போகவில்லை. பின்னாலேயே போனேன்.

வேலியோரம் நாலடி அகலத்துக்கு மண் தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. அதன் மேல் அன்றைய வரவு. அங்கிருந்து எண்ணி ஒன்பதாவது எட்டில் அடிபம்பு. அதில் ஒரு அம்மா குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"ஆயிலெல்லாம் இங்கேயேதான் ஊத்துவீங்களா, அண்ணே?"

"சேச்சே! சென்ட்ரிங்காரரு வந்தா கேன்ல கொடுத்துடுவேன். பலகையில தடவுவாங்க, கான்கிரீட் ஒட்டாது. அப்புறம் கரையானுக்குக் கதவுல அடிக்கிறவங்க, மாட்டுவண்டி அச்சுக்கு கேக்குறவங்க... யாரும் வரலேன்னாதான் இங்க. மண்ணு இழுத்துக்கும் சார். நாளைக்கு வந்து பாருங்க, ஒண்ணும் இருக்காது!"

அந்த 'ஒண்ணும் இருக்காது'தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

கொஞ்சம் கணக்கு. (பயப்படாதீர்கள், மூன்றாம் வகுப்புக் கணக்குதான்.) ஒரு சின்னக் கடையில் ஒரு நாளைக்கு ஐந்து வண்டிக்கு ஆயில் மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, 0.8 என்று போடுவோம். ஒரு நாளைக்கு 4 லிட்டர். மாசம் 25 நாள் கடை திறந்தால் 100 லிட்டர். வருஷத்துக்கு 1,200 லிட்டர். அதாவது 200 லிட்டர் பேரல் ஆறு. இது கொட்டகை போட்ட ஒரே ஒரு பைக் கடை. டிராக்டரும் டெம்போவும் லாரியும் நிற்கிற இடமென்றால் ஒரே வண்டியில் பத்து லிட்டர், பதினைந்து லிட்டர் என்று இறங்கும்.

இதில் ஒரு லிட்டர் என்ன செய்யும்? ஒரு காலன் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. நம்ம அளவில் ஒரு லிட்டருக்குப் பத்து லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரி நூறு வரிசையாக நிற்பதைக் கற்பனை செய்யுங்கள். அந்த நூறு லாரியையும் உங்கள் பைக்கின் ஓர் ஆயில் சேஞ்ச் ஏறக்குறைய முடித்துவிடும். உடனே விஷமாகி யாரும் விழுந்துவிட மாட்டார்கள். நாற்றம், ருசி, மேலே ஒரு வானவில் படலம்... குடிக்க முடியாது, அவ்வளவுதான். புதுச்சேரிக்குக் குடிநீர் ஏறக்குறைய முழுக்க நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. மேட்டூர் அணை எதுவும் அவர்களுக்கென்று இல்லை. பாகூரின் கடலோரப் பக்கம் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே கைவசம் இருக்கிற நல்ல தண்ணீருக்குத்தான் இந்த அபிஷேகம்.

"மண்ணு இழுத்துக்கும்" என்றாரே, அது உண்மைதான். இழுத்துக்கொண்டு எங்கே போகும் என்பதைச் சுன்னாகத்துக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகள்

சுன்னாகம், யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அதன் வழியே இறங்கித் தங்கும், அதைக் கிணற்றில் இறைத்துக் குடிப்பார்கள், தோட்டத்துக்குப் பாய்ச்சுவார்கள். வெங்காயமும் புகையிலையும் அப்படி விளைந்ததுதான். அங்கே எண்ணெயில் ஓடும் மின் நிலையம் ஒன்று. கொஞ்ச காலத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று ஜனங்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். 2013 நவம்பரிலிருந்து 2014 ஜூலை வரை 150 கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். 109 கிணறுகளில் எண்ணெய், அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. நூற்றுக்கு எழுபத்து மூன்று!

கிணற்றடியில் பிளாஸ்டிக் டாங்கி வைத்து, பவுசரில் தண்ணீர் வந்து ஊற்றிவிட்டுப் போக, வீட்டுக் கிணற்றைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும்! 2015-ல் வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் நிலத்தடி நீரைக் கெடுத்தது என்று சொல்லி, ஊர்க்காரர்களுக்கு இலங்கைப் பணத்தில் இரண்டு கோடி ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்கள் நீதிபதிகள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுன்னாகத்தில் நடந்தது பெரிய ஆலையின் வேலை. செலியமேட்டுக் கொட்டகை அதற்குக் கால் தூசு. மண்ணும் வேறு, அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே மணலும் வண்டலும். ஆனால் மின் நிலையம் ஓரிடத்தில்தான் இருந்தது, வழக்குப் போட ஆள் கிடைத்தது. மெக்கானிக் கடை ஊருக்கு நாலு இருக்கிறது. யார் மேல் போடுவீர்கள்? ஆயில் என்னுடையது. நானே முதல் எதிரி!

புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கிறது, அதில் இவ்வளவு விஷமா என்று கேட்கலாம். புதுசில் அவ்வளவு இல்லை. இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும் சூட்டில் அது வெந்து வெந்து, கரியும் புகையும் உள்ளே கலந்து, பிஸ்டனும் பேரிங்கும் தேய்ந்த உலோகப் பொடியும் சேர்ந்து, எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கரைந்து, அவியல் ஆகிவிடுகிறது. (2000-ம் வருஷம்வரை பெட்ரோலில் ஈயம் வேறு இருந்தது. அதுவும் ஆயிலில்தான் வந்து இறங்கியது.) அந்தக் கரிக் கூட்டத்தில் பென்ஸோபைரீன் என்று ஒரு ஆசாமி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதனுக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று முதல் வரிசையில் எழுதி வைத்திருக்கும் பேர்களில் அவனும் ஒருவன். பெட்ரோல் இன்ஜினில் ஓட ஓட ஆயிலில் அவன் சேர்ந்துகொண்டே போகிறான்.

இங்கே அந்தப் பையனின் பேன்ட் பாக்கெட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆண்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

1775-ல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் சர்ஜன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சின்ன வயசில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி துடைத்த பையன்கள் வளர்ந்த பிறகு, அவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருகிறது. கரி அங்கே தங்கியதுதான் காரணம் என்றார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று டாக்டர் ஒருவர் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை என்பார்கள். அப்புறம் 1922-ல் மான்செஸ்டர் டாக்டர்கள் இரண்டு பேர், பஞ்சாலையில் நூல் நூற்கும் ஆட்களுக்கும் அதே இடத்தில் அதே நோய் வருவதைச் சொன்னார்கள். அவர்கள் புகைபோக்கிப் பக்கமே போனதில்லை. நாள் பூரா மெஷினின் மேல் சாய்ந்து சாய்ந்து வேலை செய்ய, கதிரில் போட்ட எண்ணெய் தெறித்துக் கால்சட்டையில் ஊறியிருந்தது. அவ்வளவுதான். வருஷக்கணக்கில் ஊறியிருந்தது.

எண்ணெய்த் துணியைப் பாக்கெட்டில் வைக்காதே என்று மேலைநாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வதற்கு இப்படி ஒரு வரலாறு. நான் அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தான். எந்த இடம் என்று விவரமாகச் சொன்னதும் சிரிப்பு நின்றது. துணி பாக்கெட்டிலிருந்து ஆணிக்குப் போனது. இந்தக் கட்டுரையால் விளைந்த நிச்சயமான நன்மை இப்போதைக்கு அது ஒன்றுதான்!

கையைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவுகிறார்களே, அதுவும் வேண்டாத வேலை. தோலில் இருக்கிற இயற்கையான எண்ணெய்ப் பசையைப் பெட்ரோல் வழித்து எடுத்துவிடும். வெடித்த தோல் வழியாக அழுக்கு இன்னும் சுலபமாக உள்ளே போகும். முதலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்துக் கறுப்பைக் கிளப்பிவிட்டு, அப்புறம் சோப்பு. இல்லாவிட்டால் ஆயில் தாங்கும் ரப்பர் கையுறை. "கிளவுஸ் போட்டா நட்டு பிடிபடாது சார்" என்றான் பையன். ஆயில் இறக்கும்போது மட்டுமாவது போட்டுக்கொள்ளலாமே.

கறுப்பில் என்ன கலந்தாலும் கறுப்பு

கொட்டகை வாசலில் புழுதி அடங்கட்டும் என்று பழைய ஆயிலைத் தெளிக்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. அமெரிக்காவிலும் இருந்தது. மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். தெருவெல்லாம் மண் ரோடு, புழுதி தாங்கவில்லை. பழைய ஆயில் அள்ளும் ரஸ்ஸல் பிளிஸ் என்ற லாரிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் 1972-லிருந்து நாலு வருஷம் தெருவுக்கு ஆயில் அடித்தார். புழுதி அடங்கியது, ஊருக்கு சந்தோஷம்.

அதே ஆசாமி ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவையும் அள்ளிக்கொண்டிருந்தார். ஆயிலோடு அதையும் கலந்துவிட்டார். அதில் டையாக்சின் இருந்தது. மனிதன் தெரியாமல் தயாரித்த விஷங்களிலேயே கொடியவற்றில் ஒன்று. அவர் ஆயில் அடித்த குதிரை லாயங்களில் 1971-லேயே குதிரைகள் டஜன் கணக்கில் செத்தன. விஷயம் முழுசாக வெளியே வர 1982 ஆயிற்று. அடுத்த வருஷம் அரசாங்கம் ஊரையே விலைக்கு வாங்கியது! வீடு, கடை, எல்லாம். 1985-ல் அப்படி ஓர் ஊர் இல்லை என்று அறிவித்தார்கள். மண்ணைத் தோண்டி எரித்து, இப்போது அந்த இடம் ஒரு பூங்கா.

டையாக்சின் கார் ஆயிலிலிருந்து வரவில்லை, அது உண்மை. எனக்கு இந்தக் கதையில் பயமாக இருப்பது வேறு விஷயம். கறுப்பு ஆயிலில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கேனைப் பார்த்து இது சுத்தமான அழுக்கா, அழுக்கான அழுக்கா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

நம்ம கடைகளில் ஒரே பக்கெட்டில் என்னவெல்லாம் போகிறது? இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டரிலிருந்து கூலன்ட், பார்ட்ஸ் கழுவின மண்ணெண்ணெய். எல்லாம் 'வேஸ்ட்'. இதில் கூலன்ட்தான் எனக்குப் பெரிய வில்லனாகப் படுகிறது. பச்சை, ரோஸ், நீலம் என்று ஐஸ்பேக்டரி கலரில் இருக்கும். ருசி வேறு இனிப்பு! எத்திலீன் கிளைக்கால். ஒரு டம்ளருக்கும் குறைவாக, நூறு மில்லி அளவுக்கு உள்ளே போனாலே பெரிய ஆளையும் முடித்துவிடக்கூடும். கொட்டி வைத்த இடத்தில் நாய் நக்கும், ஆடு நக்கும். மீந்ததைக் கூல்டிரிங் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் கார்க்காரர்களுக்கு, வீட்டில் குழந்தை இருந்தால், ஒரு வேண்டுகோள்: இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயிலும் இதே கிளைக்கால் குடும்பம்தான். இந்தக் குடும்பத்தின் டைஎத்திலீன் கிளைக்கால்தான், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் கலந்து, 2025-ல் மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகளின் உயிரை எடுத்தது.

ஆரம்பத்தில் சொன்னேனே, 'அந்தத் திரவம்', அது இங்கேதான் வருகிறது. எத்திலீன் கிளைக்காலை நம் ஈரலில் ஒரு என்சைம் உடைக்கிறது. உடைத்த துண்டுகள்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. சாராயத்தை உடைப்பதும் அதே என்சைம். இரண்டும் ஒன்றாக வந்தால், அது கிளைக்காலைக் காக்க வைத்துவிட்டு முதலில் சாராயத்தைத்தான் கவனிக்கும்! (நம்மில் சில பேர் மாதிரி.) அதற்குள் கிளைக்கால் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே, இதற்கென்று உள்ள மருந்து கிடைக்காத ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எத்தனாலையே அளந்து ஏற்றுவது உண்டு. கவனிக்கவும்: டாக்டர்கள், ஆஸ்பத்திரியில், அளந்து. வீட்டில் யாரும் வைத்தியம் ஆரம்பித்துவிட வேண்டாம்.

சரி, பழைய ஆயிலை என்னதான் செய்வது?

முதலில் ஒரு நல்ல செய்தி. ஆயில் தேய்வதில்லை. அழுக்காகிறது, அவ்வளவுதான். வேட்டி அழுக்கானால் வேலியில் எறிந்துவிடுகிறோமா? வெளுக்கப் போடுகிறோம். ஆயிலையும் வெளுக்கலாம். சூடாக்கித் தண்ணீரையும் பெட்ரோலையும் விரட்டுகிறார்கள். அப்புறம் காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் வைத்துக் காய்ச்சி வடிக்கிறார்கள். காற்றை ஏன் எடுக்க வேண்டும்? ஊட்டியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, அதே தத்துவம். காற்றழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே ஆயில் ஆவியாகும், கருகாது. அழுக்கெல்லாம் அடியில் தார் மாதிரி தங்கிவிடும். வடிந்ததை ஹைட்ரஜனோ விசேஷக் களிமண்ணோ கொண்டு சுத்தம் செய்தால் மறுபடி தேன் நிறம்.

இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் புது லூப்ரிகன்ட் ஆயில் எடுக்க, பூமியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் ஒரு பேரல், அதாவது 159 லிட்டர் வேண்டும். அதே அளவைப் பழைய ஆயிலிலிருந்து எடுக்க 3.8 லிட்டர் போதும். இதுவும் அந்த அமெரிக்க அமைப்பின் கணக்குதான். கச்சா எண்ணெய்க்குக் கப்பல் கப்பலாகப் பணம் கட்டும் நம் தேசம், செலியமேட்டு வேலியோரத்தில் கொட்டுவது என்ன என்று புரிகிறதா?

இதற்குப் போலி வழியும் இருக்கிறது. கந்தக அமிலத்தை ஊற்றி அழுக்கைத் திரட்டிக் களிமண்ணில் வடிப்பது. முன்னாளில் ஊரெல்லாம் இப்படித்தான் செய்தார்கள். மிஞ்சுகிற அமிலச் சேறு, எடுத்த ஆயிலைவிடப் பெரிய தலைவலி. முறைப்படி அனுமதி பெற்றவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. அதைவிடச் சுருக்கு வழி ஒன்று உண்டு. துணியில் வடிகட்டி, கொஞ்சம் கலர் சேர்த்து, பேர் பெற்ற கம்பெனியின் காலி டப்பாவில் அடைத்து, மூடியை ஒட்டி விற்பது. இந்த ரகப் போலி ஆயில் பிடிபட்டதாக அவ்வப்போது பேப்பரில் பார்த்திருப்பீர்கள். உங்கள் வண்டியிலிருந்து இறக்கியது ஆறு மாசம் கழித்து உங்கள் வண்டிக்கே, முழு விலைக்கு, சீல் வைத்துத் திரும்பி வரலாம். மறு ஜென்மம்! ஆகவே புது டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்திவிட்டு வாருங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சட்டம் இருக்கிறதா? பேஷாக இருக்கிறது. பழைய ஆயில் அபாயகரக் கழிவு என்று 2016-ம் வருஷ விதிகள் சொல்கின்றன. அனுமதி பெற்றவரிடம்தான் அது போக வேண்டும். 2023 செப்டம்பரில் இன்னொரு விதி வந்தது. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரித்து விற்கும் கம்பெனிகளே பழசு திரும்பி வந்து சுத்திகரிக்கப்படுவதற்கும் பொறுப்பு. முதல் வருஷம் விற்றதில் 5 சதவீத அளவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அது வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போய் 50 சதவீதத்தில் நிற்கும். சேகரிப்பவர், சுத்திகரிப்பவர் எல்லாரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு.

ஆனால் முப்பது லிட்டருக்காகச் செலியமேட்டுக்கு லாரி அனுப்புவது யார்? அங்கேதான் சங்கதி சிக்குகிறது. கம்பெனி ஷோரூம்களில் பேரல் பேரலாகச் சேருகிறது, ஆள் வருகிறது, ரசீது கொடுக்கிறது. கொட்டகைக் கடைக்கு வருவது சென்ட்ரிங்காரர் மட்டும்தான். அவர் ரொக்கமாகக் கொடுக்கிறார். பாவம், அவர் மேலும் குற்றமில்லை. சென்ட்ரிங் பலகைக்கென்றே தனி ஆயில் விற்கிறது என்பது தெரிந்தும், பாதி விலையில் கிடைப்பதை யார் விடுவார்கள்?

என் யோசனை இது. பாகூர், செலியமேடு, கிருமாம்பாக்கம் பக்கத்து மெக்கானிக்குகள் நாலைந்து பேர் சேர்ந்து பொதுவாக ஒரு 200 லிட்டர் பேரல். மேலே கூரை, கீழே சிமென்ட் தரை, சுற்றி ஒரு சாண் உயரக் கட்டு, மூடி, மேலே பெரிய எழுத்தில் 'பழைய ஆயில் மட்டும்'. கூலன்டும் பிரேக் ஆயிலும் தனித்தனிக் கேனில். கலந்தால் சுத்திகரிப்பவர் தொட மாட்டார். ஆயில் பில்டரைச் சூட்டோடு ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் அதில் ஒளிந்திருப்பதும் இறங்கிவிடும். கீழே சிந்தியதற்கு உமியைத் தூவினால் போதும், பாகூரில் உமிக்கா பஞ்சம்? (அந்த உமியை அடுப்பில் போடக் கூடாது. அதையும் கழிவோடு தனியாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும்.) பேரல் நிரம்பினால் பதிவு பெற்றவரைக் கூப்பிடலாம். அந்தப் பேர்கள் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தில் கேட்டால் கிடைக்கும். இருநூறு லிட்டர் என்றால் அவருக்கும் வந்துபோகக் கட்டுப்படியாகும். கொம்யூன் பஞ்சாயத்து ஒரு இடம் ஒதுக்கினால் இன்னும் விசேஷம்.

கொசுவுக்குச் சாக்கடையில் ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கொசுவை ஒழிப்பது எப்படி என்று ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய நிறுவனம் 1975-லிருந்து புதுச்சேரியிலேயே இருக்கிறது. புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா மருந்து வரைக்கும் வந்துவிட்டார்கள் அவர்கள். நாம்தான் இன்னும் கறுப்பு ஆயில் கேனோடு நிற்கிறோம்.

மூன்று மாசம் கழித்து மறுபடி செலியமேடு போனேன். (ஆமாம், இந்தத் தடவை நேரத்துக்கு!) அதே கொட்டகை, அதே டிரான்சிஸ்டர். மெக்கானிக் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க சார், பேரல்காரரே!"

பின்னால் ஒரு நீல பேரல் நின்றது. பழசுதான், பழைய சாமான் கடையில் வாங்கியதாம். இரண்டு கடைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள், மூன்றாமவர் 'யோசிச்சுச் சொல்றேன்' என்றிருக்கிறார். வேலியோரத்துக் கறுப்பு மண்ணின் மேல் ஒரு கூடை புது மணல் கொட்டியிருந்தார்கள், எனக்காகவோ என்னவோ. பையன் கையில் நீலக் கிளவுஸ், ஒரு கையில் மட்டும்.

"நிரம்பிடுச்சா அண்ணே?"

"முக்கா பேரல் ஆச்சு சார். போன் போட்டேன். ரொம்பினதும் சொல்லுங்க, வர்றோம்னாங்க." கொஞ்சம் தயங்கினார். "நடுவுல சென்ட்ரிங்காரரு வந்து நின்னாரு. பழகின மனுசன். ஒரு கேன் கொடுத்துட்டேன்."

பையன் டிரெயின் போல்ட்டைத் திருகினான். என் பங்கு முக்கால் லிட்டர், மூன்று மாசக் கறுப்பு, கேனில் இறங்கியது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். நானும் கூடவே போய், அது பேரலுக்குள் விழுகிற வரைக்கும் நின்று பார்த்தேன். அடிபம்பில் அன்றைக்கும் ஒரு குடம் காத்திருந்தது.